சொடக்கு போடும் சபை

சிகாகோவின் வடபகுதியில், லாரன்ஸ் அவென்யூவும் பிராட்வேயும் சந்திக்கும் முக்கில் நியான் விளக்குகள் மின்னும் ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. கிரீன் மில். ஜாஸ் இசைக்குப் பேர்போன பார். இசை நாட்களில் மேஜையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினால் ‘உஷ்’ என்று அடக்கிவிடுவார்கள். உரிமையாளர் டேவ் ஜெமிலோ இந்த விஷயத்தில் வெகு கண்டிப்பு. ஆனால் அதே கூடத்தில் 1986 ஜூலையில் தொடங்கி, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஞாயிறுதோறும் நடந்த கவிதை இரவுக்கு அந்தச் சட்டம் செல்லவில்லை. அங்கே கேட்பவர்கள் சத்தம் போடத்தான் வந்தார்கள்.

அந்தச் சத்தத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கவிதை இழுக்கிறது, பிடிபடவில்லை என்றால் விரலைச் சொடக்குவார்கள். முதலில் ஒரு மூலையிலிருந்து ஒரு சொடக்கு, பிறகு நாலைந்து, பிறகு கூடம் முழுக்க. அப்போதும் கவிஞர் விடவில்லையென்றால் காலால் தரையைத் தட்டுவார்கள். அதற்கும் மேலே முனகல். பெண்களை மட்டம் தட்டும் வரி ஒன்று வந்துவிட்டால் கூடத்துப் பெண்களிடமிருந்து ஒரு சீறல் கிளம்பும். இவ்வளவையும் மீறி மேடையில் நின்று வாசித்து முடிப்பவருக்குக் கைதட்டல் நிச்சயம். கவிதை எப்படி இருந்தாலும் மேடையேறியவரைக் கைதட்டி அனுப்புவதும் அந்தச் சபையின் வழக்கம்.

நம் ஊர்க் கவியரங்கங்களில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். ‘ஆஹா’ என்று சொல்லவும், பிடித்த வரியை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லவும் நமக்குத் தெரியும். பிடிக்காத வரியைப் பிடிக்கவில்லை என்று கவிஞரின் முகத்துக்கு நேரே சொல்ல ஒரு வழி நம்மிடம் இல்லை. எழுந்து வெளியே போவதுதான் உண்டு. கிரீன் மில் கூட்டம் எழுந்து போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னது. உலகம் முழுக்க இன்று ‘ஸ்லாம்’ என்று பரவியிருக்கும் கவிதை மேடைகளுக்கெல்லாம் அந்த ஞாயிறு இரவே தாய்வீடு. அதன் பலம் மேடையில் ஏறியவர்களைவிட, எதிரே உட்கார்ந்து சொடக்கு போட்டவர்களிடம்தான் இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதைத் தொடங்கியவர் மார்க் ஸ்மித். சிகாகோவின் தென்கிழக்குப் பகுதியில் வளர்ந்தவர், கட்டட வேலை செய்தவர். கவிதை எழுதுகிறவர் என்பதால் நகரத்தில் நடந்த கவிதை வாசிப்புகளுக்குப் போய்ப் பார்த்தார். அங்கே கவிஞர்கள் தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. யாருக்கும் கேட்காத குரலில் முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தார்கள். எதிரே இருந்த பத்துப் பேரும் கவிஞர்களே, தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்கள். பகலெல்லாம் உழைத்துவிட்டு வரும் ஒரு தொழிலாளி இதைக் கேட்க எதற்கு வரவேண்டும் என்று ஸ்மித் யோசித்தார். 1984இல் ‘கெட் மீ ஹை லவுஞ்ச்’ என்ற சின்ன ஜாஸ் பாரில் திங்கட்கிழமை இரவுகளில், யார் வேண்டுமானாலும் மேடையேறும் ‘ஓபன் மைக்’ நடத்த ஆரம்பித்தார். அங்கே கவிதையை வாசித்தால் போதாது, நிகழ்த்தவும் வேண்டும். குரல், உடம்பு, நிறுத்தம், கண் எல்லாம் கவிதைக்குள் வரவேண்டும் என்பதே அவருடைய பிடிவாதம்.

சிகாகோவுக்குக் கவிதை புதிதல்ல. ‘பொயட்ரி’ பத்திரிகையை ஹாரியட் மன்றோ தொடங்கியது 1912இல், இந்த நகரத்தில்தான். கார்ல் சாண்ட்பர்க் இறைச்சிக் கூடங்களையும் ரயில் தொழிலாளர்களையும் கவிதைக்குள் கொண்டுவந்ததும் இங்கேதான். 1950இல் புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினக் கவிஞர் குவெண்டலின் புரூக்ஸ் இந்த ஊர்க்காரர். 1960களின் இறுதியில் அவர் தெற்குச் சிகாகோவின் பிளாக்ஸ்டோன் ரேஞ்சர்ஸ் என்ற தெருக் கும்பலைச் சேர்ந்த இளைஞர்களுக்குக் கவிதைப் பட்டறை நடத்தினார். அவரும் அவரைச் சுற்றியிருந்த இளங்கவிஞர்களும் பூங்காக்களிலும் மதுக்கடைகளிலும் போய்க் கவிதை சொன்னார்கள். மதுக்கடைக்குள் கவிதை நுழைந்த பாதையை ஸ்மித்துக்கு முன்பே புரூக்ஸ் போட்டு வைத்திருந்தார். ஸ்லாமின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை, சொல்லியாக வேண்டும்.

கிரீன் மில்லுக்கும் ஒரு பழங்கதை உண்டு. 1907இல் சாலையோர மதுக்கடையாகத் தொடங்கிய இடம் அது. மதுவிலக்குக் காலத்தில் தாதா அல் கபோனின் ஆட்கள் கைக்கு வந்தது. அவருடைய அடியாள் ஜாக் மெக்கர்னுக்கு அதில் பங்கு இருந்தது. கபோன் உட்கார்ந்ததாகச் சொல்லப்படும் இருக்கையை இன்றும் காட்டுகிறார்கள். அங்கிருந்து பார்த்தால் வாசல்கள் இரண்டும் தெரியும், யார் நுழைந்தாலும் கண்ணில் படும். 1927இல் ஜோ ஈ. லூயிஸ் என்ற பாடகர் கிரீன் மில்லை விட்டுப் போட்டி விடுதி ஒன்றில் பாடப் போனார். சில நாட்களில் அவருடைய ஓட்டல் அறைக்குள் புகுந்த ஆட்கள் தொண்டையையும் நாக்கையும் கத்தியால் கிழித்துப் போட்டார்கள். லூயிஸ் பிழைத்தார். திரும்பப் பேசப் பழக அவருக்கு நெடுங்காலம் பிடித்தது. பிறகு நகைச்சுவைக் கலைஞராகப் பேர் வாங்கினார். அவர் கதையில் ஃபிராங்க் சினாட்ரா நடித்த படம் 1957இல் வந்தது.

கபோன் காலம் ஓய்ந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அப்டவுன் என்ற அந்தப் பகுதி வேறு முகம் கொண்டது. அப்பலாச்சிய மலைகளின் சுரங்க ஊர்களிலிருந்து வேலை தேடி வந்த வெள்ளையர்கள், போர்க்காலத் தடுப்பு முகாம்களிலிருந்து விடுபட்ட ஜப்பானிய அமெரிக்கர்கள், பூர்வகுடி மக்கள், 1970களில் வியட்நாமிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் வந்த அகதிகள் என்று ஒதுங்க இடம் தேடியவர்கள் வந்து சேர்ந்த பேட்டை அது. பக்கத்திலேயே இருக்கும் அப்டவுன் தியேட்டர் நாலாயிரம் இருக்கைகளுக்கு மேல் கொண்ட மாளிகை, 1981இல் பூட்டப்பட்டது. கிரீன் மில்லும் பகலிலேயே குடித்துக் கிடப்பவர்களின் கடையாகியிருந்தது. 1986இல் ஜெமிலோ அதை வாங்கிப் பழைய பொலிவுக்குக் கொண்டுவந்தார். வாரக் கடைசியில் கூட்டம் வந்தது, ஞாயிறு மட்டும் காலியாகக் கிடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையை மார்க் ஸ்மித்திடம் கொடுத்தார்.

ஸ்லாம் என்று பேர் பெற்ற போட்டி இதில் வந்தது ஓர் இடைவெளியை அடைக்கத்தான். முதல் பகுதியில் ஓபன் மைக், அடுத்து அழைக்கப்பட்ட கவிஞர் அல்லது ஸ்மித்தின் குழு. அதற்குப் பிறகும் இரவில் நேரம் மிச்சம் இருந்தது, கையில் சரக்கு இல்லை. கவிஞர்களை மோதவிட்டு, கூட்டத்தையே தீர்ப்புச் சொல்லச் செய்தார் ஸ்மித். முதலில் கைதட்டலும் கூச்சலும்தான் தீர்ப்பு. பிறகு மதிப்பெண் வந்தது. கூட்டத்திலிருந்து ஐந்து பேரைப் பொறுக்கி எடுப்பார்கள். அவர்களுக்குக் கவிதையில் தேர்ச்சி வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மேடையேறுபவர்களுக்கு உறவோ நட்போ ஆக இல்லாதிருந்தால் போதும். பத்துக்கு மதிப்பெண், தசமப் புள்ளியோடு. அதிகமானதையும் குறைந்ததையும் தள்ளிவிட்டு நடுவில் உள்ள மூன்றைக் கூட்டுவார்கள். ஐந்து பேரும் 6.5, 7.8, 8.4, 8.7, 9.1 என்று தூக்கிக் காட்டினால் அந்தக் கவிதைக்கு முப்பதுக்கு 24.9.

கவிதைக்கு 24.9 என்பது அபத்தம் என்று யாருக்குமே தோன்றும். அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். தீர்ப்பாளர் குறைத்துப் போட்டால் அவரையும் கூட்டம் கத்தித் தீர்த்துவிடும். கடைசியில் வெல்பவருக்குக் கிடைப்பது சில டாலர். ஆனால் ஒன்று நடந்தது. கவிதை நன்றாக இருக்கிறதா என்று தன் வாழ்க்கையில் யாருமே கேட்டிராத ஒருவர் கையில் அட்டையும் பேனாவும் கொடுத்து, உன் அபிப்பிராயம் எங்களுக்கு வேண்டும் என்று கேட்டார்கள். அட்டை கைக்கு வந்த பிறகு யாரும் அரைகுறையாகக் கேட்பதில்லை. மற்றவர்களும் அந்தத் தீர்ப்போடு மல்லுக்கட்டுவதற்காகவாவது காதைத் தீட்டிக்கொண்டு உட்காருகிறார்கள்.

போட்டியின் விதிகள் சுருக்கமானவை. கவிதை சொந்தமாக எழுதியதாக இருக்கவேண்டும். வேஷம் கூடாது, கையில் பொருள் கூடாது, வாத்தியம் கூடாது. மூன்று நிமிடம், அதற்கு மேல் பத்து விநாடி சலுகை. பிறகு ஒவ்வொரு பத்து விநாடிக்கும் அரைப் புள்ளி போகும். கவிஞர் கூட்டத்தோடு தொடர்பு கொண்ட நொடியில் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். இந்தக் கவிதை எனக்கு எப்படித் தோன்றியது தெரியுமா என்று ஆரம்பித்தால் அதுவும் கணக்கில் சேரும். எனக்கு மிகப் பிடித்த விதி இதுதான். கவிதைக்கு முன்னால் வரும் விளக்கவுரைதான் எத்தனையோ நல்ல கவிதைகளைக் கொன்றிருக்கிறது.

முதலில் மேடையேறுபவருக்குப் பெரும்பாலும் மதிப்பெண் குறையும். நேரம் ஆக ஆக, கூடம் சூடேற, தீர்ப்பாளர்களின் கை தாராளமாகும். அதனால் போட்டிக்கு வெளியே ஒரு கவிஞரை முதலில் அனுப்பி, தீர்ப்பாளர்கள் கையைப் பழக்கிக்கொள்ள விடுகிறார்கள். அவருக்கு ‘பலிகடாக் கவிஞர்’ என்று பேர். அவர் எவ்வளவு நன்றாகச் சொன்னாலும் அந்த மதிப்பெண் எங்கேயும் சேராது. அப்படியும் அந்த இடத்துக்கு ஆள் கிடைக்காமல் போனதில்லை.

போட்டியைப் பற்றித்தான் வெளியே பேச்சு. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய ஓபன் மைக் நேரம். போட்டி கூட்டத்தைச் சேர்த்தது. ஓபன் மைக் அந்தக் கூட்டத்தை ஓர் ஊராக்கியது. யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். பெயர் வாசிக்கப்படும்போது மேஜையிலிருந்து எழுந்து, கிளாஸ்களுக்கும் முழங்கால்களுக்கும் நடுவே புகுந்து மேடைக்குப் போகவேண்டும். எந்த ஓபன் மைக்கிலும் பார்க்கத் தக்க ஒரு கட்டம் உண்டு. முந்தையவர் நெட்டையாக இருந்திருப்பார், மைக் நெற்றிக்கு நேரே நிற்கும். புதியவர் அதன் திருகைத் தேடுவார், தண்டு சட்டென்று கீழே இறங்கிவிடும், ஒலிபெருக்கியில் ‘டப்’ என்று ஒரு சத்தம். அந்த நாலைந்து நொடியில் அவருக்கு வேர்த்துவிடும். அப்போது எதிரே இருப்பவர்கள் ஒரு வார்த்தை உற்சாகமாகச் சொன்னால் அந்தக் குரல் நிமிரும். மௌனமாக இருந்தால் தாளுக்குள் புதைந்துவிடும். கவிதை ஆரம்பிக்கும் முன்பே கேட்பவர்கள் செய்துவிடும் வேலை இது.

முதல்முறை வருகிறவர்களை முதல்முறை என்று அறிவிப்பது வழக்கம், அதற்குத் தனியாக ஓர் ஆரவாரம் உண்டு. அடுத்த வாரமும் வந்தால் முகம் தெரியும், அதற்கடுத்த வாரம் பெயர் தெரியும். வாரம் தவறாமல் நடக்கிற நிகழ்ச்சிக்குத்தான் இந்தக் குணம் வரும். மாதம் ஒருமுறை என்றால் விழாவாகிவிடும், ஆண்டுக்கு ஒருமுறை என்றால் மாநாடாகிவிடும். ஞாயிறுதோறும் நடந்தால் போன வாரம் சொடக்கு வாங்கிய கவிதையை இந்த வாரம் திருத்திக்கொண்டு வரலாம். எந்த வரியில் சொடக்கு விழுந்தது என்று எழுதியவருக்கு மறக்காது. பதிப்பாசிரியர் கடிதத்தில் எழுதும் கருத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே அது வரி முடியும் முன்பே காதில் விழுகிறது.

கிரீன் மில்லின் இன்னொரு சடங்கு எனக்கு மிகவும் உயர்ந்ததாகப் படுகிறது. மேடையில் தொகுப்பாளராக நின்று “என் பெயர் மார்க் ஸ்மித்” என்பார் அவர். கூடம் முழுக்க ஒரே குரலில் “அதனால் என்ன?” என்று கத்தும். ஒவ்வொரு வாரமும் இது நடக்கும். தொடங்கியவர் என்ற பெருமையை ஞாயிறுதோறும் சபையே கழற்றி வாங்கிக்கொண்டது. அவரும் சந்தோஷமாகக் கொடுத்தார். பட்டங்களும் அடைமொழிகளும் சூட்டியே ஒரு கவிஞரை மேடைக்கு அழைத்துப் பழகிய நாம் இந்த இரண்டு வார்த்தைகளைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இந்த மேடை யாரை உருவாக்கியது என்று கேட்டால் முதலில் சொல்லவேண்டிய பெயர் பேட்ரிசியா ஸ்மித். சிகாகோவின் மேற்குப் பகுதியில் பிறந்த கறுப்பினப் பெண். செய்தித்தாளில் வேலை பார்த்தவர். கவிதைப் படிப்பு எதுவும் இல்லாமல் கிரீன் மில் மேடைக்கு வந்தவர். தேசிய ஸ்லாம் போட்டியில் தனிநபர் பட்டத்தை நான்கு முறை வென்றார். இன்றுவரை வேறு யாரும் செய்யாதது. அவருடைய ‘ஸ்கின்ஹெட்’ கவிதை, கறுப்பர்களை வெறுக்கும் ஒரு வெள்ளை இனவெறியனே பேசுவதாக அமைந்தது. ஒரு கறுப்பினப் பெண் மேடையில் நின்று, தன் இனத்தையே வெறுக்கும் ஒருவனின் குரலைத் தன் தொண்டைக்குள் வாங்கிப் பேசுகிறாள். புத்தகத்தில் படிக்கும்போது அது நல்ல கவிதை. அந்த உடம்பிலிருந்து அந்தக் குரல் வருவதை எதிரே உட்கார்ந்து கேட்பவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் போகும். பாத்திரத்தின் குரலில் எழுதும் அந்த வித்தையை அவர் கைவிடவே இல்லை. 2005இல் கத்ரினா புயல் நியூ ஆர்லியன்ஸைச் சூறையாடிய பிறகு அவர் எழுதிய ‘பிளட் டாஸ்லர்’ தொகுப்பில் புயலே வாய் திறந்து பேசுகிறது. முதியோர் இல்லத்தில் கைவிடப்பட்டு மூழ்கி இறந்த கிழவர்களும் கிழவிகளும் பேசுகிறார்கள். 2008இல் அந்த நூல் அமெரிக்கத் தேசியப் புத்தக விருதின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. 2021இல் அவருடைய வாழ்நாள் பணிக்காக ரூத் லில்லி பரிசு கிடைத்தது. அதை வழங்குவது, ஹாரியட் மன்றோ தொடங்கிய அதே ‘பொயட்ரி’ பத்திரிகையை நடத்தும் அறக்கட்டளை. நகரத்தின் நடுவே இருக்கும் அந்தக் கண்ணாடிக் கட்டடமும் அப்டவுனின் பாரும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச்சேர ஒரு கவிஞருக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2025இல் தேசியப் புத்தக விருதும் அவருக்கே வந்தது.

1990இல் சான் பிரான்சிஸ்கோவில் முதல் தேசிய ஸ்லாம் நடந்தது. சிகாகோவிலிருந்து ஒரு குழு, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஒரு குழு, நியூயார்க்கிலிருந்து ஒரே ஒரு கவிஞர். சிகாகோ வென்றது. நியூயார்க்கிலிருந்து வந்த அந்த இளைஞர் பால் பீட்டி. 2016இல் ‘தி செல்அவுட்’ நாவலுக்குப் புக்கர் பரிசு பெற்று, அப்பரிசை வாங்கிய முதல் அமெரிக்கர் ஆனார். அவரை அனுப்பிய இடம் நியூயார்க்கின் நியூயோரிக்கன் பொயட்ஸ் கஃபே. போர்ட்டோரிக்கோவிலிருந்து குடியேறிய குடும்பங்களின் கவிஞர்கள் 1973இல் மிகேல் அல்காரின் வீட்டு வரவேற்பறையில் கூடத் தொடங்கி உருவாக்கியது அது. 1980களில் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து 1989இல் மறுபடி திறந்தபோது, சிகாகோவில் பார்த்த ஸ்லாமை பாப் ஹோல்மன் அங்கே கொண்டுவந்தார். வெள்ளி இரவுகளில் ஈஸ்ட் தேர்ட் ஸ்ட்ரீட்டில் வரிசை நிற்க ஆரம்பித்தது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1998இல் ‘ஸ்லாம்’ திரைப்படம் சன்டான்ஸ் விழாவில் முதன்மைப் பரிசு பெற்றது. 2002 முதல் 2007 வரை ஹெச்.பி.ஓ. தொலைக்காட்சியில் ‘டெஃப் பொயட்ரி’ ஓடியது. ஜெர்மனியில் ஸ்லாம் நாடகக் கொட்டகைகளையும் கச்சேரி அரங்குகளையும் நிரப்பியது; 2016இல் ஜெர்மன் மொழி ஸ்லாமை அந்நாட்டின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். பிரான்சில் கிராண்ட் கோர் மலாட் என்ற கலைஞரின் ஸ்லாம் ஆல்பம் 2006இல் வீடு வீடாக ஒலித்தது. இந்திய நகரங்களின் கஃபேக்களிலும் இன்று இளைஞர்கள் இதே பாணியில் மைக் முன்னால் நிற்கிறார்கள்.

எதிர்ப்பும் வந்தது. இலக்கிய விமர்சகர் ஹரால்ட் புளூம் 2000இல் ‘பாரிஸ் ரிவ்யூ’ இதழில் ஸ்லாமைக் கலையின் மரணம் என்றார். கவிதையின் தரத்தை மதுக்கடைக் கூட்டம் தீர்மானிப்பதா என்ற கோபம் அது. புளூம் பெரிய படிப்பாளி, அவர் கவலை போலியானதல்ல. ஸ்லாமில் சட்டென்று கைதட்டல் வாங்கும் வரிகளுக்குத்தான் மவுசு. நின்று நிதானமாக வேலை செய்யும் கவிதைக்கு மூன்று நிமிடத்தில் நியாயம் கிடைக்காது. ஆனால் அந்தக் கூட்டம் முட்டாள்கூட்டம் என்று அவர் கொண்டதுதான் தவறு. பேட்ரிசியா ஸ்மித்தின் கவிதையைக் கையில் மதிப்பெண் அட்டையோடு முதலில் கண்டுகொண்டது அந்தக் கூட்டம். பரிசுக் குழுக்கள் பின்னால் வந்தன.

எனக்கு உள்ள கவலை வேறு. ஸ்லாம் தொலைக்காட்சிக்கும் பிறகு யூட்யூபுக்கும் போனபோது மேடையும் அங்கே போனது, கவிஞரும் போனார், கைதட்டலும் போனது. சொடக்கு மட்டும் போகவில்லை. திரையில் பார்ப்பவர் பிடித்தால் விருப்பக் குறியை அழுத்துகிறார், பிடிக்காவிட்டால் நகர்ந்துவிடுகிறார். அவர் நகர்ந்தது கவிஞருக்குத் தெரிவதே இல்லை. விளைவை எந்த நகரத்து மேடையிலும் கேட்கலாம்: ஒரே ஏற்ற இறக்கம், ஒரே மூச்சு வாங்கல், கடைசி வரிக்கு முன்னால் ஒரே இடைவெளி. பல்லாயிரம் பேர் பார்த்த வீடியோவின் குரலை இன்னொருவர் எடுத்துப் போட்டுக்கொள்கிறார். அப்டவுன் கூடத்தில் அந்தக் குரல் இரண்டாவது வரியிலேயே சொடக்கு வாங்கியிருக்கும். மார்க் ஸ்மித்தும் ஸ்லாம் வியாபாரமாவது குறித்த தன் அதிருப்தியை ஒளித்ததில்லை. தேசியப் போட்டியை நடத்தி வந்த ‘பொயட்ரி ஸ்லாம் இன்கார்ப்பரேட்டட்’ அமைப்பு 2018க்குப் பிறகு பணமுடையில் கலைந்தே போனது. போட்டி நின்றது. ஊர் ஊராக நடந்த ஓபன் மைக்குகள் அதனால் நிற்கவில்லை.

சிகாகோவின் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த மரபு வேறு வழியில் போய்ச் சேர்ந்தது. 2001இல் தொடங்கிய ‘லவுடர் தேன் எ பாம்’ என்ற மாணவர் ஸ்லாம் விழா, பள்ளி பள்ளியாகக் குழுக்களைச் சேர்த்துப் பெரிதானது. தெற்குப் பகுதியின் கறுப்பினப் பையனும் வடபுறநகரின் வெள்ளைக்காரப் பெண்ணும் அடுத்தடுத்து நின்று தங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னார்கள். அவ்வளவு தூரம் இன வாரியாகப் பிரிந்து வாழும் ஒரு நகரத்தில், இன்னொரு பகுதிப் பிள்ளையின் கதையை மூன்று நிமிடம் அமைதியாகக் கேட்க வேறு இடம் கிடையாது. 2010இல் இதைப் பற்றி வந்த ஆவணப்படம் ஊர் ஊராகப் பேசப்பட்டது. அதை நடத்திய அமைப்பு பாலியல் அத்துமீறல் புகார் ஒன்றைக் கையாண்ட விதத்தை 2021இல் கவிஞர்களே எதிர்த்துக் கிளம்பினார்கள். தலைமை மாறியது, விழாவும் வேறு பெயரில் நடந்தது. பிள்ளைகளுக்குத் துணிந்து பேசக் கற்றுக்கொடுத்த இடத்தில் அந்தப் பேச்சு நிர்வாகத்தின் மீதே திரும்பியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் முன்னமே கேட்டிருக்கவேண்டும்.

நகரின் மையத்தில் உள்ள ஹரால்ட் வாஷிங்டன் நூலகத்தில் 2009இல் பதின்வயதினருக்காக ‘யூமீடியா’ என்ற பகுதி திறக்கப்பட்டது. அங்கே மைக் ஹாக்கின்ஸ் வழிகாட்டியாக இருந்தார். பிள்ளைகளுக்கு அவர் ‘பிரதர் மைக்’. அவர் நடத்திய ஓபன் மைக்குக்குப் பள்ளி விட்டதும் நகரத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் பேருந்தும் ரயிலும் ஏறி வந்தார்கள். கட்டணம் கிடையாது, சூடான அறை உண்டு, இருட்டும் வரை இருக்கலாம். பெற்றோருக்கும் பிள்ளை எங்கே இருக்கிறது என்று தெரியும். சில பிள்ளைகளுக்குக் கவிதையைவிட இந்தக் காரணங்களே முக்கியமாக இருந்திருக்கும், அதில் குறை எதுவும் இல்லை. அங்கே வந்தவர்களில் சான்சலர் பெனட் என்ற பையன் பின்னால் ‘சான்ஸ் தி ராப்பர்’ ஆகி 2017இல் மூன்று கிராமி விருதுகள் வாங்கினான். ஃபாத்திமா வார்னர் என்ற பெண் ‘நோநேம்’ என்ற பெயரில் ராப் பாடகி ஆனாள். அவள் பாட்டில் இன்றும் கேட்பது மேடையில் கவிதை சொல்லிப் பழகிய பேச்சுக் குரல்தான்.

பிரதர் மைக் 2014 டிசம்பரில், நாற்பதை எட்டுவதற்கு முன்பே இறந்துபோனார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் சான்ஸும் கவிஞர் மால்கம் லண்டனும் சேர்ந்து அதே நூலகத்தில் பள்ளி மாணவர்களுக்காக ஓர் ஓபன் மைக் தொடங்கினார்கள். அதற்கு ‘ஓபன் மைக்’ என்று அவர் பெயரையே வைத்தார்கள். அதற்குள் சான்ஸ் ஆயிரக்கணக்கானோர் முன் பாடும் நட்சத்திரம். ஆனாலும் அங்கே அவர் தொகுப்பாளர் மட்டும்தான். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கே அனுமதி, கட்டணம் இல்லை. மேடை ஏறுபவர்களும் மாணவர்கள், எதிரே உட்கார்ந்து கேட்பவர்களும் மாணவர்கள்.